மணிக்குள் இருக்கும் கையுறை

அனுப்புநர்:
ஆர்வில் ஹ்லாட்கி,
காலை ஒலிபரப்புப் பொறுப்பாளர்,
பிளம் ஃபோர்க் வானொலி நிலையம்,
நெப்ராஸ்கா.

பெறுநர்:
மாவட்ட வானொலி ஆய்வாளர் அவர்கள்,
கன்சாஸ் சிட்டி.

பொருள்: எங்கள் நிலையத்தின் எச்சரிக்கை மணி ஊமையாக்கப்பட்டிருப்பது – உடனடி ஆய்வு வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஒமாஹா தலைமை நிலையத்தின் அலை நின்றதும் எங்கள் நிலையத்தில் மணி அடிக்க வேண்டும். போர் எச்சரிக்கைதான் என்று உறுதியானால், ரேடியோ முள்ளை முக்கோணக் குறியிட்ட 640 அல்லது 1240-க்குத் திருப்பும்படி நேயர்களிடம் சொல்லிவிட்டு நாங்கள் ஒலிபரப்பை நிறுத்த வேண்டும். எதிரி விமானம் எங்கள் அலையைப் பிடித்து வழி கண்டுபிடிக்கக் கூடாது என்பதற்காகத் தங்கள் துறை செய்த ஏற்பாடு இது. ஊருக்கு மேற்கே பன்னிரண்டு மைலில் ஏவுகணைக் குழி இருப்பது தாங்கள் அறிந்ததே.

2. ஆனால் ஒமாஹாவில் இடி இடித்து அலை ஒரு நொடி அறுந்தாலே இந்த மணி அடித்துவிடும். ஏப்ரலில் ஒரு ஞாயிறு, எங்கள் நிலையத்திலிருந்து நேரடியாக ஒலிபரப்பான பாஸ்டரின் பிரசங்கத்துக்கு நடுவே மூன்று முறை அடித்தது. "என்னய்யா, பாஸ்டருக்குச் சாப்பாட்டு மணியா?" என்று விவசாயிகள் தொலைபேசியில் கிண்டல் செய்தார்கள். மறுநாளே உரிமையாளர் திரு. டெல்மர் ஸ்ட்ரோ மணியை அடைக்கச் சொன்னார். சோளம் உரிக்கும் கையுறை ஒன்றை அதற்குள் திணித்தது நான்தான். ஜூலையில் தாங்கள் ஆய்வுக்கு வந்தபோது அதை எடுத்ததும், தங்கள் கார் கிளம்பியதும் மறுபடி திணித்ததும் நானே. வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

3. கடந்த செவ்வாய், காலை 10.40-க்கு ஒமாஹா அலை நின்றது. பதினோரு நிமிடம். மணி அடிக்கவில்லை. நான் பன்றி விலை வாசித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் ஒமாஹா கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி லியோனா, ரேடியோ திடீரென்று அடங்கியதும் மகளைத் தூக்கிக்கொண்டு நிலவறைக்கு ஓடியிருக்கிறாள். அங்கிருந்த சிறு ரேடியோவில் எங்கள் நிலையம் கேட்டிருக்கிறது. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "உங்க குரல் கேட்டுச்சு. பன்னி வெல சொல்லிட்டிருந்தீங்க. அப்போ ஒண்ணுமில்லன்னுதான் புள்ளயத் தூக்கிட்டு மேல வந்துட்டேன்."

ஒமாஹாவின் ஒலிபரப்புக் கருவியில் ஒரு வால்வு எரிந்துபோனதுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. கடவுளுக்கு நன்றி. ஆனால் வேறு காரணமாக இருந்திருந்தாலும் நான் பன்றி விலைதான் வாசித்துக்கொண்டிருந்திருப்பேன்.

4. கையுறையை எடுத்துவிடலாம் என்று உரிமையாளரிடம் கெஞ்சினேன். "ஊரே பன்னி வெல கேக்குது, நீ மட்டும் குண்டு எப்ப விழும்னு கேட்டுட்டிருக்க. போய் வேலயப் பாருப்பா" என்று சிரித்தார். அன்றே மணிப் பெட்டியைப் பூட்டிச் சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஆகவே, தாங்கள் இம்முறை முன்னறிவிப்பின்றி வந்து அந்தப் பெட்டியைத் திறக்க வைக்குமாறு வேண்டுகிறேன். என் உரிமம் போனாலும் போகட்டும். என் குரலை நம்ப வேண்டாம் என்று லியோனாவிடம் சொல்லிவிட்டேன். ஊரில் மற்ற இரண்டாயிரம் பேரிடம் அதை எப்படிச் சொல்வேன்?

இதை எழுதி முடிக்கும்வரை மணி அடிக்கவில்லை. எல்லாம் நலமாக இருப்பதாலா, கையுறை உள்ளே இருப்பதாலா என்று எனக்குத் தெரியவில்லை.

இடம்: பிளம் ஃபோர்க்
நாள்: 5 அக்டோபர் 1961

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்) ஆர்வில் ஹ்லாட்கி