சஹனை வைத்தால் சுற்றாது

ஜூன் 9, செவ்வாய்

ஃபஜ்ர் தொழுததும் முதல் வேலையாக மெஷினைத் திறந்து பார்த்தேன். மேல் அடுக்கில் எல்லாக் கண்ணாடித் தம்ளரிலும் வெள்ளைப் படலம். ஒன்றில் மீன் செதில். கச்சான் காற்று வேறு. முற்றம் முழுக்க மணல்.

மகள் நஸ்ரினின் மாப்பிள்ளை துபாயிலிருந்து லீவில் வந்த கையோடு வாங்கிப் போட்டது, இந்தப் பாத்திரம் கழுவும் மெஷின். என் மணிக்கட்டு வலிக்காக என்கிறார். பக்கத்தில் நின்று அவரே சொல்லித் தருகிறார். மகளைக் கிட்டே விடுவதில்லை.

"நஸ்ரின், நீ தொடாத. மாமி தனியா அடுக்கட்டும்."

ஏன் நான் மட்டும்? அவள்தானே இந்தக் காலத்துப் பிள்ளை? புரியவில்லை.

மறக்காமலிருக்க:
- முள், சோறு வழித்துக் கொட்டணும்
- தட்டு கீழே, நடுவைப் பார்த்து
- தம்ளர், கிண்ணம் மேலே. கவிழ்த்து, கொஞ்சம் சாய்த்து
- ஒன்றுக்குள் ஒன்று சொருகக் கூடாது (நான் செய்தது)
- இரும்புச் சட்டி கூடவே கூடாது
- உப்பு!

உப்புதான் பிடிபடவில்லை. நம் போர் தண்ணீரே உப்பு. அடுத்த வீட்டு ரஹ்மா லாத்தா எட்டிப் பார்த்துச் சிரித்தார். "உப்புத் தண்ணிக்கு உப்பா? மீனும் மிளகாத்தூளும் போடு, ஆணமே வச்சிரலாம்."

மாப்பிள்ளையும் சிரித்தார். "தண்ணியில உள்ள சுண்ணாம்ப எடுக்கத்தான் மாமி. அது தனி அறைக்குள்ள போகும். பாத்திரத்துல படாது."

தலையாட்டி வைத்தேன்.

ஜூன் 10, புதன்

உப்பு போட்டாயிற்று. படலம் போய்விட்டது. ஆனால் தம்ளரில் பிசுக்கு அப்படியே.

மாப்பிள்ளை குனிந்து பார்த்தார். கீழ் அடுக்கில் சஹனை, நாங்கள் சேர்ந்து சாப்பிடும் பெரிய தாம்பாளத்தை, நிறுத்தி வைத்திருந்தேன். "இங்கன பாருங்க மாமி. இதுதான் தண்ணி பீச்சுற கை. சஹன் விளிம்பு இதுல முட்டுது. கை சுத்தினாத்தான மேல கழுவும்?" கதவை மூடுமுன் கையை ஒரு தடவை சுற்றிவிட்டுப் பார்க்கணுமாம்.

"சஹனை விட்டுருங்களேன். ஆளுக்கொரு தட்டுல சாப்பிட்டா என்ன?"

அவள் வாப்பா மவுத்தானதிலிருந்து நானும் நஸ்ரினும் ராச்சோறு ஒரே சஹனில்தான். பெரிய மீன் துண்டை என் பக்கம் தள்ளுவாள். நான் திருப்பித் தள்ளுவேன். அது உடைந்து தூளாகிற வரைக்கும்.

நான் கையால் கழுவுவது மாப்பிள்ளைக்கு அருவருப்பாக இருக்கிறதோ? கேட்கத் தயக்கம்.

ஜூன் 12, வெள்ளி

துணி எடுக்க மாடிக்குப் போனேன். அறைக்குள் மாப்பிள்ளையும் நஸ்ரினும் பேசுவது கேட்டது.

"விசா வரப்போகுது. இன்னும் என்ன யோசனை?"

"உம்மா தனியா சமாளிக்கிறத நான் கண்ணால பாக்கணும். இல்லாட்டி வரமாட்டேன். தம்ளர் இன்னும் அழுக்காத்தான வருது?"

"வேணும்னே பண்றாங்களோ?"

"எங்க உம்மாவா? போங்க! அவுகளுக்கு அந்த மாதிரி புத்தியெல்லாம் வராது."

"உனக்கு வர ஆசையே இல்லைன்னு சொல்லு."

"ஆசையில்லாமத்தான் பாஸ்போர்ட் எடுத்தேனா?" அழுதாள்.

துணியை எடுக்காமலே இறங்கிவிட்டேன்.

இங்கே பெண்கள் உம்மா வீட்டிலேயே இருப்பார்கள். மாப்பிள்ளைதான் வருவார், போவார். நஸ்ரின் போவாள் என்று நான் நினைத்ததே இல்லை.

இன்னொன்று. சஹனை வைக்காதீர்கள் என்று அவர் புதனன்றே சொல்லிவிட்டார். நேற்று மறுபடி வைத்தேன். கையைச் சுற்றியும் பார்க்கவில்லை. மறதியா? எனக்கு அப்போது எதுவும் தெரியாதே. தெரியாமலே தெரிந்திருந்ததா? வேணும்னே என்று அவர் சொன்னது ஏன் இப்படிச் சுடுகிறது?

லாத்தாவிடம் கேட்கலாம். வேண்டாம், ஊருக்கே தெரிந்துவிடும்.

ஜூன் 13, சனி

காற்று அடங்கியிருக்கிறது. சோப்புத்தூள் தீரப் போகிறது, வாங்கணும். சீலா மீன் ஆணம்.

ராத்திரி சஹனில் நஸ்ரின் பெரிய துண்டைத் தள்ளினாள். நான் திருப்பித் தள்ளவில்லை. தின்றுவிட்டேன்.

"என்ன உம்மா, இன்னைக்கு சண்டைக்கு வரலையா?"

"பசி" என்றேன்.

சஹனைக் கையால் கழுவித் துடைத்து, அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன். மணிக்கட்டு வலிக்கத்தான் செய்கிறது. அவளிடம் சொல்லவில்லை.

நாளைக் காலை எச்சில் பாத்திரம் அத்தனையும் நானே அடுக்குவேன். கையைச் சுற்றிப் பார்த்துத்தான் மூடுவேன். தம்ளர் பளிச்சென்று வரும். நஸ்ரினைக் கூப்பிட்டுக் காட்டுவேன்.