உருபு தொக்க ஞாயிறு

ஆகஸ்டு 19, செவ்வாய்

ரஷ்ய மொழிக்கு வேற்றுமை ஆறு; தமிழுக்கு எட்டு. அத்தனை பெரிய தேசம் இரண்டு குறைவாக வைத்துக்கொண்டு எப்படித்தான் குடித்தனம் நடத்துகிறதோ!

தம்பி செழியன் கேட்கிறான்: "மன்னார்குடில எந்த ரஷ்யாக்காரன் ஒன்ட்ட பேசப் போறான்?" மருத்துவம் படிக்க ரஷ்யாவுக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு மொழி கற்பித்துப் பிழைக்கலாம் என்பது அவன் சிற்றறிவுக்கு எட்டாது. ஆசிரியரின்றி ரஷ்யன் கற்பவள் நான், கற்பிக்கவும் செய்வேன்.

ஆகஸ்டு 28, வியாழன்

இன்றைய ரஷ்யப் பாடம் செயப்படுபொருள். மேசையைப் பார்த்தால் மேசை என்னும் 'ஸ்தோல்' மாறாது. அண்ணனைப் பார்த்தால் 'பிராத்', 'பிராதா' ஆகும். உயிருக்கு அத்தனை மரியாதை! இறந்தவனைக் குறிக்கும் 'மெர்த்வேத்ஸ்' என்ற சொல்லுக்கும் அதே சலுகை உண்டு.

அம்மா உள்ளே வந்தார். "ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வராங்க."

மாடு பார்க்க, நெல் பார்க்க, பெண் பார்க்க. 'ஐ' உருபு தொக்கி நிற்கிறது. செத்தவனுக்கு உள்ளது எனக்கில்லை.

"'என்னைப் பார்க்க'ன்னு சொல்லும்மா."

"எப்புடிச் சொன்னா என்னடி? கேசரிக்கு ரவை இருக்கா பாரு."

ஆகஸ்டு 31, ஞாயிறு

வந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் மங்களாம்பிகை என் பல்லைப் பிடித்துப் பார்க்காததுதான் குறை. மாப்பிள்ளை பரிதி, பொறியாளர், திருவாய் மலர்ந்தார்: "ரஷ்யனா? அதெல்லாம் இப்ப போனே மாத்திச் சொல்லிருமேங்க."

"கல்யாணம் ஆனா விட்டுருவா தம்பி" என்றது யார்? என்னைப் பெற்ற பொன்னுத்தாய்.

"எங்களுக்குப் பொண்ணு புடிச்சிருக்கு" என்றார் மங்களாம்பிகை. பிடித்தலுக்கு நான்காம் வேற்றுமை; ரஷ்யனிலும் அப்படியே. 'ம்னே' என்றால் 'எனக்கு'. அந்தச் சொல்லை என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை— ஏன்? ரெண்டு பாஷைல தெரியுமேடி, வாய் எங்க போச்சு?

செப்டம்பர் 1

அப்பாவிடம் உரைக்க அடுக்கிவைத்திருந்த செந்தமிழ் முழுவதும் மறந்துபோயிற்று. "எனக்குப் புடிக்கலப்பா. படிக்கிறத விடவும் மாட்டேன்." அவ்வளவுதான் வந்தது.

அம்மா அழுதார். அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார்.

செப்டம்பர் 2

அப்பா சாப்பாட்டை வயலுக்கே கொடுத்தனுப்பச் சொல்லிவிட்டார்.

செப்டம்பர் 3, புதன்

தரகர் ஐயாவு கைப்பேசியில் அழைத்தார். அப்பா வாசலில் நின்று பேசினார்; அடுப்படிவரை கேட்டது.

"இல்லீங்க, சரிப்படாது. புடிக்கலயாம்."

அந்தப் பக்கம் ஏதோ கேள்வி.

"பொண்ணுக்குத்தாங்க. வேற யாருக்குப் புடிக்கணும்?"