மலையேறி வந்தவள் யாருடைய பிள்ளை

அன்புள்ள பெரியண்ணாவுக்கு,

நோர்வே குரோருட்டிலிருந்து தங்கச்சி தவமலர். உங்கள் முழங்கால் வீக்கம் வற்றிவிட்டதா? நாங்கள் நல்ல சுகம். போனில் சொன்னால் பேத்தி வினோஜாவுக்குக் கேட்கும் என்றுதான் எழுதுகிறேன்.

போன மாதம் அவள் தன் கூட்டாளிகளோடு பிரான்சு மலைகளில் சைக்கிள் ஓடப் போனாள். மகளும் நானும் தண்ணீர்ப் போத்தல்களோடு வான் வண்டியில் முன்னால் போய், மலை உச்சியில் மன்னர் காலத்து ஊர் ஒன்றில் நின்றோம். எல்லாம் கல்வீடுகள், இடையில் நடக்கிற ஒழுங்கைகள் செங்குத்து. மகள் வானை நிறுத்தப் போன நேரம், பாரிசிலிருந்து சுற்றிப்பார்க்க வந்த தமிழ்க் குடும்பம் ஒன்று என்னிடம் ஊர் விசாரித்தது. அப்போது எல்லோருக்கும் முதலாவதாக வினோஜா ஏறி வந்தாள், தொடையோடு ஒட்டின காற்சட்டையோடு.

"அந்தப் பிள்ளை தமிழ் போலக் கிடக்கு. உடுப்பைப் பாருங்கோ. உங்கடையோ?" என்றா அந்த மனிசி.

"எனக்குத் தெரியாது பிள்ளை" என்றுவிட்டேன்.

வினோஜாவுக்குக் கேட்டுவிட்டது, அண்ணா. என்னைப் பார்த்தாள். பிறகு, "அன்ரி, கொஞ்சம் தண்ணி தருவீங்களோ?" என்று வாங்கிக் குடித்தாள்.

என் மானத்தைக் காப்பாற்றினாள். தாயிடமும் சொல்லவில்லை. வீட்டில் வழமைபோல அம்மம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

யாராவது இங்கே வந்தால் பருத்தித்துறை வடை கொடுத்துவிடுங்கோ, அவளுக்கு விருப்பம். கேட்கிறவர்களிடம், பிரான்சு மலையில் முதலாவதாக ஏறினது தவமலரின் பேத்தி என்று சொல்லுங்கோ. நான் சொல்லவேண்டிய இடத்தில் சொல்லவில்லை.

கதவு திறக்கிற சத்தம் கேட்கிறது, அவள்தான். நிறுத்துகிறேன்.

தங்கச்சி
தவமலர்