லைன்மேன் மீது நான் கொடுத்த பதினோரு மனுக்களைத் திரும்பப் பெறுதல்

அனுப்புநர்:
மனு எழுதுபவர்,
இணைப்பு எண் 4471,
தண்ணீர்த் தொட்டிக்கு எதிர் வீடு.
(தங்கள் அலுவலகத்தில் "பதினோரு மனுக்காரர்" என்று அறியப்படுபவர்.)

பெறுநர்:
மண்டல மேலாளர் அவர்கள்,
இணைய இணைப்புப் பிரிவு,
தொலைத்தொடர்பு அலுவலகம், இரண்டாம் மாடி.

பொருள்: வீட்டுக் கணினியில் இணையதளங்கள் திறக்காதது – லைன்மேன் மீது புகார் கொடுத்தது – தவறு புகார்தாரருடையது எனத் தெரியவந்தது – லைன்மேனின் பணியிடை நீக்கத்தை ரத்து செய்யவும், புகார்தாரர் மீது தக்க நடவடிக்கை எடுக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது மனுக்கள், ஒன்று முதல் பதினொன்று வரை.
2. தங்கள் பணியிடை நீக்க ஆணை, பக்கம் இரண்டு, மூன்றாம் பத்தி.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் இருபத்தாறு ஆண்டுகளாக என் வீட்டு முன்னறையில் மேசை போட்டு, கேட்டு வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்து வருகிறேன். குழாயில் தண்ணீர் வராதவர், சான்றிதழில் பெயர் தப்பாகப் பதிவானவர், பக்கத்து வீட்டு நாயால் தூக்கம் போனவர் என்று யார் வந்தாலும் எழுதுவேன். எழுதி முடித்ததும், கையெழுத்து வாங்கும் முன், வந்தவருக்கு முழுவதையும் உரக்க வாசித்துக் காட்டுவேன். பிறருக்காக எழுதிய மனு எதுவும் இதுவரை வாசிக்கப்படாமல் இந்த மேசையை விட்டுப் போனதில்லை. இந்த விவரம் பின்னால் தேவைப்படும்.

2. சென்ற ஆண்டு மத்தியிலிருந்து என் கணினியில் இணையதளங்கள் திறக்க மறுத்தன. எல்லாம் ஒரே நாளில் போகவில்லை. முதலில் மின்கட்டணம் செலுத்தும் பக்கம் போயிற்று. பிறகு செய்தித்தாள். பிறகு மனுக்களை அனுப்பும் அரசுப் பக்கங்கள். கடைசியாக, வேலை நிமித்தம் வெளியூரில் இருக்கும் என் மகளின் முகத்தைப் பார்த்துப் பேசும் பக்கமும் போயிற்று. ஒவ்வொன்றாகப் போனதால், யாரோ கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடிக்கிறார்கள் என்ற முடிவுக்கு வந்தேன். "இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல" என்று திரையிலேயே எழுதி வந்ததால், கணினியே எனக்குச் சாட்சி சொல்கிறது என்றும் நம்பினேன்.

3. தங்கள் அலுவலகம் லைன்மேனை அனுப்பியது. அவர் நான்கு முறை வந்தார். கம்பத்தில் ஏறினார். பெட்டியை மாற்றினார். மூன்றாம் முறை, கம்பத்திலிருந்து என் ஜன்னல் வரையுள்ள கம்பி முழுவதையும், மழைத் தூறலில், புதிதாக இழுத்துக் கட்டினார். பிறகு தன் கைபேசியை என் வீட்டு இணைப்பிலேயே போட்டு, "சார், இங்க பாருங்க, எல்லாமே ஓப்பன் ஆகுது. லைன்ல ஒரு குறையும் இல்ல" என்று காட்டினார். அவர் கைபேசியில் செய்தித்தாள் திறந்தது உண்மை. "ஊழியர் சொந்தக் கைபேசியைக் காட்டி வாடிக்கையாளரை ஏய்க்கப் பார்க்கிறார்" என்று அன்றே ஐந்தாவது மனு எழுதினேன்.

4. நான்காம் முறை வந்தபோது அவர் என் கணினித் திரையின் மூலையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சார், தப்பா நினைக்காதீங்க, இந்தத் தேதி..." என்று ஆரம்பித்தார். நான் முடிக்க விடவில்லை. "தேதி பார்க்க எனக்குத் தெரியும். உங்க வேலை கம்பி. கம்பியப் பாருங்க" என்றேன். என் ஏழாவது மனுவில், "பணிக்குத் தொடர்பில்லாத உரையாடலில் ஈடுபட்டு நேரத்தை வீணடித்தார்" என்று உள்ளது. அந்த உரையாடல் இதுதான்.

5. அவரை ஏன் பேச விடவில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். நான் தமிழில் தட்டச்சு செய்யும் மென்பொருள், முப்பது நாள் சோதித்துப் பார்க்க மட்டும் தரப்பட்டது. முப்பதாம் நாள் அது நின்றுவிடும். ஆனால் கணினியின் தேதியை முதல் நாளுக்குத் திருப்பி வைத்தால், பாவம், அது ஏமாந்து மறுபடி வேலை செய்யும். இதை நானே கண்டுபிடித்தேன்; அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. ஆகவே ஒவ்வொரு முப்பதாம் தேதியும் என் கணினியை மார்ச் ஒன்றுக்குத் திருப்பி வைத்தேன். இரண்டு ஆண்டுகளாக என் மேசையில் மார்ச் மாதம்தான். மனுக்களில் தேதியை மட்டும் எப்போதும் பேனாவால் எழுதி வந்ததற்கும் காரணம் இதுவே. லைன்மேன் மூலையைப் பார்த்ததும் குட்டு உடைந்துவிடுமோ என்று பயந்தேன். திருட்டுக்கும் இணையத்துக்கும் தொடர்பு இருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

6. இதற்கிடையில் என் மனுக்கள் தங்கள் அலுவலகத்தில் வேலை செய்தன. இருபத்தாறு ஆண்டுகளில் நான் எழுதிய எத்தனையோ நியாயமான மனுக்கள் எந்த அலுவலகத்திலோ தூசி படிந்து கிடக்கின்றன. நியாயமில்லாத இந்தப் பதினொன்று மட்டும் பதினெட்டே நாளில் பலித்தன. "சம்பந்தப்பட்ட ஊழியர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று தங்கள் கடிதம் வந்தபோது, அதை என் மனைவியிடம் இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். "என்ன நடவடிக்கைன்னு போடலையே" என்றார் அவர். எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

7. புது லைன்மேன் வந்தார். கம்பி, பெட்டி எல்லாம் சரி என்றார். இணையதளங்கள் திறக்கவில்லை. ஒன்பது நாளுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மனைவி கணினியைத் துடைத்துக்கொண்டிருந்தவர், திரையின் மூலையைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "ஏங்க, இதுல இருக்கிற தேதிப்படி பாத்தா நம்ம பொண்ணுக்கு இன்னும் கல்யாணமே ஆகலையே! அப்ப போன வாரம் வந்து ரெண்டு தடவை சோறு போட்டுக்கிட்டுச் சாப்பிட்டுப் போனது யாரு?" என்றார். மருமகனைத்தான் சொன்னார். "முதல்ல இத மாத்துங்க, பாக்கவே சகிக்கல" என்றும் சொன்னார். அவர் வாயை மூடுவதற்காகவே மாற்றினேன்.

8. மின்கட்டணப் பக்கம் திறந்தது. செய்தித்தாள் திறந்தது. அரசுப் பக்கங்கள் வரிசையாகத் திறந்தன. பிறகு விசாரித்ததில், ஒவ்வொரு இணையதளத்துக்கும் ஓர் அடையாளச் சான்று உண்டு என்றும், அதை அவ்வப்போது புதுப்பிப்பார்கள் என்றும், இரண்டு ஆண்டு பின்னால் நிற்கும் கணினிக்கு அந்தப் புதுச் சான்றுகள் இன்னும் பிறக்காத சான்றுகள் என்றும், ஆகவே அது ஒவ்வொரு தளத்தையும் சந்தேகித்து வாசலிலேயே நிறுத்திவிடும் என்றும் தெரிந்தது. மாலையில் மகள் முகம் வந்தது. "என்னப்பா, லைன்மேன் சரி பண்ணிட்டாரா?" என்றாள். "ம்" என்றேன்.

9. ஐயா, இதுவரை சொன்னதை முட்டாள்தனம் என்று தாங்கள் மன்னிக்கலாம். மன்னிக்க முடியாதது இனிமேல்தான். உண்மை தெரிந்த அன்றே நான் தங்களுக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. பன்னிரண்டாவது மனு எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. நடவடிக்கை என்றால் ஏதோ அதட்டியிருப்பார்கள், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒன்பது நாள் அப்படியே ஓட்டினேன்.

10. இன்று காலை ஓர் அம்மாள் என் முன்னறைக்கு வந்தார். "எங்க வீட்டுக்காரருக்கு வேலை போயிடுச்சு சார். நீங்க எழுதினா மேலதிகாரிங்க கண்டிப்பா படிப்பாங்களாம், எல்லாரும் சொல்றாங்க" என்று ஓர் உறையை நீட்டினார். உள்ளே தங்கள் ஆணை இருந்தது. பக்கம் இரண்டு, மூன்றாம் பத்தியில், "அன்னார் கம்பத்தில் ஏறுவதில் காட்டும் சுறுசுறுப்பைக் கடமையில் காட்டுவதில்லை" என்று இருந்தது. அது என் ஒன்பதாவது மனுவின் வாக்கியம். எழுதிய அன்று நானே ரசித்துச் சிரித்த வாக்கியம். தாங்கள் ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் எடுத்தாண்டிருக்கிறீர்கள். தன் கணவர் மூன்று வாரமாக வீட்டை விட்டு வெளியே வருவதில்லை என்றும், தெருவில் யாராவது "கம்பி சரியில்லை" என்றால்கூடக் கதவைச் சாத்திக்கொள்கிறார் என்றும் அவர் சொன்னார். அந்தப் புகார்களை எழுதியது யார் என்று அவருக்குத் தெரியாது. நான் பெஞ்சில் உட்காரச் சொன்னேன். என் மனைவி தேநீர் கொடுத்தார். தேதியைச் சரிசெய்ததும் என் தட்டச்சு மென்பொருள் நின்றுவிட்டபடியால், இம்மனுவைக் கையால் எழுதுகிறேன்.

11. ஆகவே ஐயா அவர்கள் கருணைகூர்ந்து கீழ்க்கண்டவற்றைச் செய்ய வேண்டுகிறேன். லைன்மேனை உடனே மீண்டும் பணியில் சேர்க்க வேண்டும். அவரது பணிப்பதிவேட்டிலிருந்து என் வாக்கியங்களை நீக்க வேண்டும். குறிப்பாக அந்த ஒன்பதாவதை. அவர் செய்ததில் ஒரு பிழையும் இல்லை என்றும், பழுதைக் கண்டுபிடித்தவர் அவரே என்றும், அவர் வாயை அடைத்தவன் நான் என்றும் எழுத்துமூலம் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். என் மீது என்ன நடவடிக்கை எடுத்தாலும் ஆட்சேபம் இல்லை. மனு எழுத மாட்டேன்.

12. மேற்கண்ட பத்திகளை என் வழக்கப்படி அந்த அம்மாளுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். அவர் நான்காம் பத்தியில் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். பிறகு அதை எடுக்கவில்லை. வாசித்து முடித்ததும் என் கணினியைப் பார்த்தார். பிறகு, "அன்னிக்கு வீட்டுக்கு வந்து சொன்னாரு சார். அந்த சாரோட கம்ப்யூட்டர்ல தேதி தப்பா இருக்கு, எடுத்துச் சொன்னா கோவிச்சுக்கிறாரு, பெரியவராச்சேன்னு விட்டுட்டு வந்துட்டேன்னு சொன்னாரு" என்றார். எழுந்து, ஆணையை உறைக்குள் போட்டுக்கொண்டார். வாசற்படியில் நின்று, "மனுவ அனுப்புங்க சார். தேதிய மட்டும் இந்தத் தடவ சரியா போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
இம்முறை உண்மையுள்ள,
(கையொப்பம்)
மனு எழுதுபவர்

இடம்: என் வீட்டு முன்னறை.
நாள்: அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை.
(சுவர் நாட்காட்டியைப் பார்த்து எழுதப்பட்டது. என் மனைவியால் சரிபார்க்கப்பட்டது.)