மேசையில் ஊன்றிய முழங்கை

என் சீப்பைத் திருடிக்கொண்டு சிங்கப்பூர் போன அக்காவுக்கு,

இங்கே எல்லாம் சுகம், அம்மாவின் தோள்களைத் தவிர. எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் செம்பனைக் குலை தூக்கித் தூக்கி, கை இப்போது காதுக்கு மேல் எழும்புவதில்லை. "வெட்டிடு லா, இந்தச் சுருட்டை முடி எனக்கு எதுக்கு?" என்கிறாள்.

ஒரு காலத்தில் அவள் பின்னலை நாற்காலியில் கட்டிவிட்டு ஓடியவள் நான். இப்போது தினமும் அதே நாற்காலியில் உட்காரவைத்துச் சிக்கெடுக்கிறேன். என் தலையெழுத்து அவள் தலையில் எழுதியிருக்கிறது.

திங்கட்கிழமை ஈப்போவில் என் காலேஜ் திறக்கிறது, நான் விடுதிக்குப் போக வேண்டும். அதனால் கையைத் தூக்காமல் பின்னச் சொல்லிக்கொடுத்தேன். ஈர முடியை ஒரு பக்கமாக முன்னால் போட்டு, முழங்கையை மேசையில் ஊன்றி, நெஞ்சுக்கு நேரே பின்ன வேண்டும். பத்து நாளாக அவளுக்குக் கைவரவில்லை.

இன்று நான் எழுவதற்குள் தானே பின்னி முடித்திருந்தாள். அழகாகவே இருந்தது.

"இனிமே நீ நிம்மதியா போலாம், புள்ள."

"கோணலா இருக்கும்மா" என்று பொய் சொல்லி, அவிழ்த்து, நானே மறுபடி பின்னினேன். அவளும் தலையைக் கொடுத்தாள்.

களைப்பாக இருக்கிறது, அக்கா. சீப்பைத் தபாலில் அனுப்பாதே. நீயே கொண்டு வா.

உன் வீட்டுக் குரங்கு