மூவர் என்று அச்சான இடம்

நீர்வேலி,
26.06.1973

என் அன்புக்குரிய சின்னம்மாவுக்கு,

உங்கள் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. சித்தப்பாவின் காய்ச்சல் மாறியதை அறிந்து அம்மா ஆறுதலடைந்தார். நாங்கள் சுகம் என்று எழுதினால் அது பாதிதான் உண்மை. அம்மாவுக்கு இன்னும் சாப்பாடு இறங்குவதில்லை. அம்மம்மா கடைசியாக நட்ட கதலி வாழை குலை தள்ளியிருக்கிறது. அதை வெட்டுவதா விடுவதா என்று யாரும் கதைக்கவில்லை.

அம்மம்மாவின் சீவியத்தை அச்சடித்த கல்வெட்டுப் புத்தகத்தில் ஒன்று அனுப்பும்படி கேட்டிருந்தீர்கள். செத்தவீட்டன்று உள்ளே வராமல் வாசற் படலையடியில் நின்றும் அதைத்தான் கேட்டீர்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று அதைப் படித்து, வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தாயிற்று. உங்களுக்குப் பிந்தியதற்குத் தபால் காரணமில்லை. இதனுடன் ஒன்று வைத்திருக்கிறேன். அதைத் திறக்குமுன் இந்தக் கடிதத்தை முடிவுவரை வாசித்துவிடுங்கள்.

நான்காம் பக்கத்தில் அம்மம்மாவுக்கு மக்கள் மூவர் என்று இருக்கிறது. அதை எழுதியது நான்.

இது இரண்டாம் முறை, சின்னம்மா. முதல் முறை நடந்தது உங்களுக்குத் தெரியாது.

வெள்ளிதோறும் அம்மம்மா கந்தசாமி கோயிலில் நான்கு பிள்ளைகளின் பேரிலும் அர்ச்சனை செய்விப்பார். நீங்கள் சித்தப்பாவைக் கலியாணம் முடித்து, தேவாலயத்தில் பெர்னடெட் என்று பெயர் வைத்துக்கொண்ட பிறகும் அது நிற்கவில்லை. உங்களுக்கு இராசமலர், விசாக நட்சத்திரம். பதினேழு வருடமாக அப்படித்தான். ஒருமுறை ஐயர் பகிடியாக, "உவ இப்ப வேதக்காரியெல்லே ஆச்சி, முருகனுக்கு ஆளை அடையாளம் பிடிக்கேலுமோ?" என்று கேட்டார். அம்மம்மா சிரிக்கவில்லை. "பேர்தானே மாறினது ஐயா. நட்சத்திரத்தை ஆர் மாத்தேலும்?" என்றார். அதற்குப் பிறகு ஐயர் பகிடி விட்டதில்லை.

போன மார்கழியில் அவருக்குப் பாரிசவாதம் வந்து வாய் கோணிவிட்டது. கதைத்தால் எங்களுக்கே பாதிதான் விளங்கும். அதனால் பெயர்களையும் நட்சத்திரங்களையும் சொல்லும் வேலை எனக்கு வந்தது. தை மாதத்து வெள்ளியொன்றில் மாமாவும் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றார். மாமாவின் பெயரைச் சொன்னேன், அம்மாவின் பெயரைச் சொன்னேன், கொழும்பிலுள்ள சின்ன மாமாவின் பெயரையும் சொன்னேன். அத்தோடு நிறுத்திவிட்டேன். மாமா என்னைப் பார்க்கக்கூட இல்லை. நானாகத்தான் பயந்தேன்.

அம்மம்மா என் தோளிலிருந்த கையை எடுத்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு, கோணிய வாயால், எச்சில் வழிய வழிய, உங்கள் பெயரைச் சொன்னார். இரண்டு தரம் சொல்லவேண்டி வந்தது. ஐயர் தெரியும் ஆச்சி என்று சொல்லியும் விசாகத்தைச் சொல்லி முடிக்கும்வரை விடவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் என்னை ஏசவில்லை. "இனி நானே சொல்லுறன், பிள்ளை" என்றார். அவ்வளவுதான். சித்திரைக் கடைசி வெள்ளிவரை அவரே சொன்னார். நான் பக்கத்தில் அர்ச்சனைத் தட்டோடு நின்றேன்.

அவர் கண்ணை மூடிய மூன்றாம் நாள் மாமா என்னைக் கூப்பிட்டு, புத்தகம் படிக்கிற பிள்ளை நீ, அம்மம்மாவின் சீவியத்தைப் பாட்டும் வசனமுமாக எழுதித் தா என்றார். பதினைந்து வயதில் கரவெட்டியிலிருந்து மாட்டுவண்டியில் இந்த வளவுக்கு வந்ததை எழுதினேன். நாற்பத்திரண்டு வயதில் தாலியை இழந்து, மாமா கிணற்றுத் துலா மிதிக்க, உங்களை வரம்பில் இருத்திவிட்டு மண்வெட்டியோடு வாழைக்குத் தண்ணீர் மாறியதை எழுதினேன். மக்கள் நால்வர் என்றும் எழுதினேன். மாமா அந்த வரியில் விரலை வைத்தார். "மூண்டு எண்டு மாத்து. உவளின்ரை கதை உதுக்குள்ளை வேண்டாம்" என்றார்.

உங்களுக்குப் பேசி முடித்த சம்பந்தத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, அதை முறிக்க வீடு வீடாகப் போனவர் அவர். அந்த வெட்கத்தை அவர் இறக்கி வைக்கவேயில்லை. அவரை நான் குறை சொல்லவில்லை. பென்சில் என் கையில் இருந்தது. நால்வருக்கும் மூவருக்கும் ஒரே சீர், பாட்டின் ஓசை கெடவில்லை. கெட்டிருந்தால் அதைச் சொல்லியாவது மறுத்திருப்பேன் என்று பிறகு யோசித்தேன். அதுவும் பொய்தான்.

அந்தியேட்டியன்று அந்த வரியைப் படித்தபோது அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு பாயைப் பார்த்தார். திருத்துவதற்கு இந்த முறை அம்மம்மா இல்லை.

வெளியூர்களுக்கு அனுப்புவதற்காக நாற்பது புத்தகம் என்னிடம் மிஞ்சியிருந்தது. எல்லாவற்றிலும் மூவரை வெட்டி, நால்வர் என்று மையால் எழுதி, ஓரத்தில் உங்கள் பெயரையும் சேர்த்திருக்கிறேன். நேற்று அவற்றை மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "மையாலை எழுதினது ஊத்தையாக் கிடக்கு" என்றார். அனுப்பாதே என்று சொல்லவில்லை. ஆனால் ஏற்கனவே கொடுத்தவற்றைத் திருப்பிக் கேட்க முடியாது. இந்த ஊரில் இருநூறு வீடுகளில் அம்மம்மாவுக்கு நீங்கள் பிறக்கவில்லை. அதை எப்படித் திருத்துவதென்று எனக்குத் தெரியவில்லை.

போன வெள்ளி கோயிலுக்குப் போனேன். நான்கு பெயரும் சொன்னேன். ஐயர் கையில் பூவோடு, "இராசமலற்றை பிள்ளையளின்ரை பேரென்ன?" என்று கேட்டார். பெயர் தெரியும். நட்சத்திரம் தெரியாமல் நின்றேன். அம்மம்மாவும் அதை உங்களிடம் கேட்டெழுதச் சொல்ல ஒவ்வொரு முறையும் வாயெடுத்து, பிறகு வேண்டாம் என்றுவிடுவார். உங்களுக்கும் சித்தப்பாவுக்கும் சம்மதமென்றால் பிள்ளைகள் பிறந்த திகதியையும் நேரத்தையும் எழுதுங்கள். பஞ்சாங்கத்தைப் பார்த்து நான் கண்டுபிடிப்பேன். சம்மதமில்லையென்றால் அதையும் எழுதுங்கள். ஒன்றும் எழுதாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

உங்கள் தேவாலயத்திலும் இறந்தவர்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுப்பார்கள் என்று அறிவேன். அங்கே அம்மம்மாவின் பெயரைச் சொல்லுங்கள், சின்னம்மா. செல்லமுத்து. நட்சத்திரம் கேட்கமாட்டார்கள். கேட்டால், ரோகிணி.

உங்கள் பெறாமகள்,
பத்மாசனி