விட்டு வாசித்த வரி

வெள்ளவத்தை
12.3.1938

அன்புள்ள வாப்பாவுக்கு ஸலாம்.

பதுளையிலிருந்து நீங்கள் அனுப்பிய கடிதம் நேற்று வந்தது. வழக்கம்போல நான்தான் உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிப் பக்கத்தை வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு எழுதியிருந்தீர்கள். அதை வாசிக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

"சத்தமா வாசி மகள். உள்ள ஈக்கிற ஆளுக்கும் கேக்கணுமே" என்று உம்மா சிரித்தார்.

வாசித்தேன். போன வருடம் பிறந்த அன்றே மவுத்தாகி அடக்கிய தம்பியைப் பற்றிய வரியை மட்டும் விட்டுவிட்டேன். என் குரல் தடுமாறியதை வைத்தே உம்மா கண்டுபிடித்துவிட்டார்.

"விட்டதையும் வாசி."

"உனக்கு மூத்த நானா பிறந்ததும் அவன் காதில் பாங்கு சொல்ல வேண்டிய நான் பிந்தி வந்தேன். உனக்கு முந்தியே வந்து காத்திருப்பேன்."

இந்த ஏழு மாதமும் உம்மா பிள்ளையோடு ஒரு வார்த்தை பேசியதில்லை, ஒரு சட்டை தைத்ததில்லை. அதை நான் உங்களுக்கு எழுதவும் இல்லை. நேற்றுத்தான் வயிற்றில் கைவைத்து, "கேட்டீங்களா? வாப்பா வாராராம். அவர் வர முந்தி அவசரப்பட்டு வந்துடாதீங்க" என்றார். உடனே உள்ளே ஓர் உதை. என் கையையும் இழுத்து அங்கே வைத்தார்.

இன்று காலை அலுமாரியிலிருந்த வெள்ளைத் துணியைக் கேட்டார். நான் வெட்டிக் கொடுக்கிறேன், அவர் தைக்கிறார். மிகவும் சின்னச் சட்டை வாப்பா, என் இரண்டு உள்ளங்கை அளவுதான்.

அடுத்த கடிதத்திலும் பிள்ளைக்கு ஒரு பக்கம் எழுதுங்கள். சத்தமாகவே வாசிப்பேன்.

உங்கள் மூத்த மகள்